அறாத கயிறு

பனியன் துணியைக் கையில் கொடுத்தால் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் முதலில் செய்வது ஒன்றுதான். இரண்டு கையாலும் பிடித்து அகலவாக்கில் ஒரு இழுப்பு, நீளவாக்கில் ஒரு இழுப்பு. பிறகு விட்டுவிட்டு, துணி பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். மற்ற மாஸ்டர்களும் இழுத்துத்தான் பார்ப்பார்கள், அது தொழில். ஆனால் அவர்கள் இழுத்த கையோடு கத்தரியை எடுத்துவிடுவார்கள். இவர் நிற்பார். கம்பெனி இளவட்டங்கள் "மாஸ்டரு துணிகிட்ட சோசியம் கேக்கறாருடா" என்று சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். விழுந்தாலும் அவசரப்பட்டுக் கத்தரியை எடுக்கமாட்டார்.

மலையேறவும் மாட்டார். செங்குந்தர் வீட்டில் பிறந்து முருகனைக் கும்பிட்டு வளர்ந்த மனுசன், சிவன்மலைக்குப் போனால் அடிவாரத்திலேயே சூடம் கொளுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். மனைவி மருதம்மாள் பெண்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு படியேறி இறங்கி வரும்வரை செருப்புகளுக்குக் காவல். கேட்டால் முழங்கால் வலி என்பார். முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது.

இத்தனைக்கும் இருபத்தாறு வயதில் மலை என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று திரிந்த ஆள்தான். அப்போது அவர் மாஸ்டர் இல்லை, வெறும் கட்டர். எனவே அந்தக் காலத்துச் சென்னியப்பனை அவன் என்றே சொல்லலாம். மலைக்கிறுக்கு அவனுக்குப் பிறவியில் வந்ததல்ல. ஆறுச்சாமியிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

ஆறுச்சாமி மூலனூர்ப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை. தோட்டத்துக் கிணறு வற்றிப்போன வருடம் திருப்பூருக்கு வந்து, சென்னியப்பன் வேலை செய்த அதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்விட்டுத் திங்கள் காலையில் வருவான். சின்ன வயதில் ஏர் ஓட்டும்போது கொழு முனையில் ஒரு பழைய தாழி உடைந்து, அதற்குள்ளிருந்து சிவப்புக் கல்மணி ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் பொடி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவான். "இதக் கழுத்துல போட்டிருந்தவளுக்கு ஒரு பேரு இருந்திருக்குமில்லப்பா? அந்தப் பேரு எங்க போச்சு?" என்று கேட்பான். இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? சென்னியப்பன் மட்டும் உட்கார்ந்து கேட்டான். கேட்டதோடு நிற்காமல் கூடக் கிளம்பவும் செய்தான்.

கித்தான் துணி வாங்கி இரண்டு முதுகுப்பைகளைச் சென்னியப்பனே தைத்தான். அவல், வெல்லம், நிலக்கடலை, சமைக்க ஒரு போசி, ஆளுக்கொரு போர்வை. கம்பெனி லீவு விட்டால் போதும், இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இடிந்த கோட்டை, கூரை போன மண்டபம், குகைக்குள் வெட்டின கல்படுக்கை என்று எங்கே கேள்விப்பட்டாலும் அங்கே. வழியில் பார்ப்பவர்கள் "புதையல் எடுக்கவா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க, பாதிக்குப் பாதி, நீங்களும் வாங்க" என்பான் ஆறுச்சாமி. அந்த நாலு வருடம்தான் சென்னியப்பன் தன் ஆயுளில் சந்தோசமாக இருந்த காலம். அது அப்போது அவனுக்குத் தெரியாது.

உடுமலைக்குத் தெற்கே பாழ்க்கோட்டை என்றொரு மலை. உச்சியில் யார் கட்டியது என்று தெரியாத கோட்டை ஒன்று சரிந்து கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் அங்கே போனபோது, எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவருக்குக் கீழே, செங்குத்துப் பாறையில், ஒரு வரி எழுத்துத் தெரிந்தது. எழுத்துக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்குத் திட்டு. அங்கே இறங்குவதற்குப் பாறைச் சரிவில் கால்விரல் வைக்கக் குழி வெட்டியிருந்தார்கள், பாதிக் குழிகள் தேய்ந்துபோய்விட்டன. கயிறில்லாமல் இறங்க முடியாது என்று திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருடம் ஆறுச்சாமி வேறு பேச்சே பேசவில்லை. அந்த எழுத்தின்மேல் தாளை ஒட்டி, கரியால் தேய்த்துப் படியெடுத்து, படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டவேண்டும். அது ஒரு ஆளின் பெயராகத்தான் இருக்கும் என்று சத்தியம் செய்தான்.

அறுபத்தொன்று சித்திரையில் நூல் வரவில்லை என்று கம்பெனியைப் பத்து நாள் பூட்டினார்கள். ஆறுச்சாமி முந்தியே ஊருக்குப் போய்விட்டான். சென்னியப்பன் புதன்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் பூச்சாட்டியிருந்தார்கள். சாட்டிய அன்று ஊருக்குள் இருந்தவன், நோம்பி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. அது ஊர்க்கட்டு.

"திருப்பூருல மிஷினு ஓட்டப் போனா ஊருக்கட்டெல்லாம் மறந்து போகுமா சாமி?" என்று கேட்டாள் ஆறுச்சாமியின் ஆத்தா பொன்னாத்தாள். "அவ பாத்துக்கிட்டிருக்கறா. வெளையாட்டில்ல."

ஆறுச்சாமி திண்ணைக் கல்லில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பதிலாகப் பேசியது அவன் சம்சாரம் சாரதாமணி. கல்யாணமாகி இரண்டு வருடம், வயது இருபத்திரண்டு. மாமியாருக்கு எதிரே நின்று அவள் வாய் திறந்ததைச் சென்னியப்பன் அன்றுதான் பார்த்தான்.

"அத்தே, கம்பம் நடறதுக்கு இன்னும் ஆறு நாளு கெடக்குதுங்க. மூணாம் நாளு வந்தர்றங்கறாரு. போயிட்டு வரட்டுமுங்க. ஒரு வருசமா இதே நெனப்பாத்தான் இருக்கறாருங்க."

பொன்னாத்தாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்மதம் என்று அதற்குப் பெயர் இல்லை. ஆனாலும் ஆறுச்சாமிக்கு அது போதுமாக இருந்தது. துள்ளியெழுந்து கிணற்றடிக்குப் போனான். எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற வடக்கயிறு ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சென்னியப்பன் சிரித்துவிட்டான்.

"அதத் தூக்கிக்கிட்டு நீ மலையேறினா, உன்னத் தூக்க ஒரு எருது வேணும். எறக்கி வெய்யி."

தன் பையிலிருந்து அவன் எடுத்தது வெள்ளைவெளேரென்று ஒரு கயிறு. கட்டிங் வேஸ்டைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து இழுத்தால், பனியன் துணி தானாகச் சுருண்டு நூல்போல ஆகிவிடும். அப்படி ஒன்பது கீற்றுகளைச் சேர்த்துப் பின்னிய கயிறு. இரண்டு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்திருந்தான். கம்பெனி உத்திரத்தில் கட்டி இரண்டு பேர் ஒன்றாகத் தொங்கிப் பார்த்து, ஊஞ்சலாகத் தூரி ஆடி, கட்டிங் செக்‌ஷன் முழுவதும் கைகொட்டிச் சிரித்திருந்தார்கள். அறவில்லை. அறுமா அறாதா என்றுதான் பார்த்தார்கள். வேறு எதையும் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆறுச்சாமி கயிற்றோடு பிறந்து வளர்ந்தவன். ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான். "நீளுதேப்பா" என்றான்.

"நீண்டாத்தான் பனியன். நீளலீன்னா அது வேட்டி."

ஆறுச்சாமி வாய்விட்டுச் சிரித்தான். கதவோரம் நின்ற சாரதாமணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வடக்கயிறு கிணற்றடிக்கே திரும்பிப் போனது.

மறுநாள் சாயங்காலம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வந்த கையோடு கோடைமழை பிடித்துக்கொண்டது. கோட்டை வாசல் கல்லுக்கு அடியில் ஒண்டினார்கள். பைகள் நனைந்தன, கயிறு ஊறிப்போனது. விடிந்ததும் வெயில் அடித்தது. பாறை காய்ந்ததுபோல் தெரிந்தது.

ஆறுச்சாமி எதையும் அளந்து செய்கிறவன். கயிற்று முனையில் ஒரு கல்லைக் கட்டிச் சரிவில் மெல்ல விட்டான். கல் திட்டில் போய் உட்கார்ந்தது, விளிம்புக்கு ஒரு சாண் இப்பால். அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டு, மறுமுனையை வாசல் கல்லில் கட்டினார்கள். வழுக்கினாலும் கயிறு திட்டோடு நிறுத்திவிடும், அதற்குமேல் விடாது என்பது கணக்கு. கல் இரண்டு சேர் எடை இருக்கும். ஆறுச்சாமி ஒரு ஆள் எடை. பன்னிரண்டு வருடமாகத் துணியை வெட்டிய கை சென்னியப்பனுடையது. ஈரப் பனியன் காய்ந்த பனியனைவிட இரண்டு மடங்கு இறங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அன்றைக்கு அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறுச்சாமி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குழிகுழியாகக் கால்வைத்து இறங்கினான், சென்னியப்பன் மேலே கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான். திட்டில் நின்று, கம்பெனியில் பண்டல் கட்டுகிற காக்கித்தாளைப் பாறையில் வைத்துத் தேய்த்தான். கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

"நல்லாத் தெரியுதுப்பா. ஏழு எழுத்து. பேருதான்."

"ஏறி வா, அப்பறம் பேசலாம்."

தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினான். பாதிக்குமேல் ஏறிவிட்டான், முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு குழியில் ஈரம் இருந்திருக்கவேண்டும். கால் போனது.

சரிந்த உடம்போடு கயிறு ஓடி, விறைத்தது. அப்பாடா என்று சென்னியப்பன் நினைத்தான். அப்படி நினைத்ததைத்தான் அவனால் பிறகு ஒருநாளும் தாங்க முடியவில்லை. விறைத்த கயிறு நிற்கவில்லை. அவன் கைக்குள்ளேயே மெலிந்து மெலிந்து நீண்டது. திட்டைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, இன்னும் ஏழெட்டு முழம். அடியில் பாறையில் மோதிய சத்தம் கேட்டது. அதன் பிறகு கயிறு, இழுத்துவிட்ட துணிபோல, ஆறுச்சாமியைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு வந்தது. கடைசிவரை கயிறு அறவில்லை.

மலைத்தேன் எடுக்க வந்த நாலு பேர் சத்தம் கேட்டு ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சட்டைக்குள் இருந்த தாள் ரத்தத்தில் ஊறி, எழுத்து ஒன்றும் தெரியாமல் கரிக்கட்டியாகக் கிடந்தது.

உடுமலைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதவேண்டியதையெல்லாம் எழுதி முடித்து, லாரியில் ஊர் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் கிடத்திய பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் அவிழ்த்தார். "எப்பிடிப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

"காலு வழுக்கிருச்சுங்க" என்றான் சென்னியப்பன். அது பொய் இல்லை.

பெரியவர் கயிற்றை முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிப் பார்த்தார். "கயிறு கட்டித்தான் எறங்கியிருக்கறான். கயிறு அறல. கட்டுன முடிச்சு முடிச்சாவே இருக்குது. அப்பறமும் ஆளு போயிருச்சுன்னா, இது மனுசன் காரியமில்ல." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. சாட்டு முடிந்து ராத்தங்கப் போனவன். மாரியம்மன் கணக்கைத் தீர்த்துவிட்டாள்.

பொன்னாத்தாள் மகன் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். தூணோரம் நின்ற மருமகளைப் பார்த்து, அழாமல், சத்தம் போடாமல் சொன்னாள். "நீதான போகச் சொன்ன."

ஊரே சாரதாமணி பக்கம் திரும்பியது. சென்னியப்பன் வாய்க்குள் இரண்டே வார்த்தை இருந்தது. கயிறு நீண்டுருச்சு. அதைச் சொன்னால் பெரியவர் கையிலிருக்கும் கயிற்றை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். நொடியில் தெரிந்துவிடும். வடக்கயிற்றை வேண்டாம் என்றவன் யார், இதைப் பின்னியவன் யார் என்று அடுத்து கேட்பார்கள். அவன் வாயைத் திறந்தான். தண்ணீர் கேட்டான். யாரோ செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தான். இதற்குமேல் கேவலம் ஒரு மனிதனுக்கு உண்டா?

அந்த வருடம் நோம்பி நின்றுபோனது. அந்தப் பழியும் சாரதாமணி தலையிலேயே விழுந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்னியப்பன் போனான், சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனான். கூட்டமாக இருந்தது. தைப்பொங்கலுக்குப் போனான், பொன்னாத்தாள் படுத்திருந்தாள். அடுத்த வருடம் போனபோது வெள்ளைச்சேலையோடு சாரதாமணி மாட்டுச்சாலைக்குள் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். "வாங்ணா" என்று அவள் மரியாதையாகக் கூப்பிட்டாள். மெனக்கெட்டு வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். பிறகு போவதை விட்டுவிட்டான். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, கட்டராக இருந்தவர் மாஸ்டர் ஆனார். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லாத மனிதர். துணியை இழுத்துவிட்டு நிற்கும் அந்த நொடியில் உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்பார் இல்லை.

எழுபத்துமூன்றில் ஒருநாள் ஆறுச்சாமியின் பங்காளி சுப்பையன் கம்பெனிக்கு வந்தான். பொன்னாத்தாள் செத்துப் பத்து நாள் ஆகிவிட்டதாம்.

"கடைசிவரைக்கும் சாரதாமணிதானுங்க பீ மூத்திரம் அள்ளுச்சு" என்றான் சுப்பையன். "ஆனாப் பாருங்க, சாகறப்ப வாயில பால் ஊத்த வந்தா, கெழவி பல்லக் கடிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எம்மவன முழுங்குனவ கையால வேண்டாம்னு. அந்தப் புள்ள பன்னண்டு வருசமா கோயில் வாசலு மிதிக்கலீங்க. யாரும் வரவேண்டாம்னு சொல்லல. அதுவா வர்றதில்ல."

சென்னியப்பன் அன்றைக்கு வெட்டிய துணியெல்லாம் அளவு தப்பி, கழிவு விலைக்குப் போகிற செகண்ட்ஸ் ஆனது. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார்.

அவர் போனபோது சாரதாமணி தோட்டத்தில், வேப்பமரத்தடியில் கன்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு வயதுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இந்தத் தடவையும் ஆரஞ்சுப் பழத்தோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நின்றபடியே சொன்னார்.

"அம்மணி, ஆறுச்சாமிய மாரியாத்தா கொல்லல. நீ போகச் சொன்னதும் கொல்லல. நாந்தான் கொன்னேன். அந்தக் கயிறு நான் பின்னுனது. பனியன் கயிறு, ஆளு எடைக்கு நீளும், ஈரத்துல இன்னும் நீளும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கோணும், எந்தொழிலே அதுதான். திட்டோட நிக்கவேண்டியது ஏழெட்டு மொழம் கீழ எறங்கிருச்சு. அவன் வடக்கயித்த எடுத்தான், நாந்தான் வேண்டாம்னேன். நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த."

அவள் நிதானமாகக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தீவனக்கூடையைக் கீழே வைத்தாள்.

"அத்தை செத்ததச் சுப்பையன் வந்து சொன்னானாக்கு" என்றாள். "பால் வாங்காததையும் சொல்லியிருப்பான். அதக் கேட்டுட்டு மனசு பொறுக்காம வந்திருக்கறீங்க."

"இல்ல அம்மணி, நெசமாத்தான் சொல்றேன்."

"எம்பாரத்த நீங்க எறக்கி வெக்கப் பாக்கறீங்ணா. அவரு உங்களப் பத்திச் சொல்லுவாருங்க, சென்னிக்கு இளகுன மனசுன்னு. ஆனா அந்தக் கயித்தச் சொல்லாதீங்க. அதும்மேல குத்தமில்ல. இந்தா, பாருங்க, இன்னும் அறாம இருக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். கன்றைக் கட்டியிருந்தது அந்தக் கயிறுதான். வெள்ளை போய் மண்நிறமாகி, சாணியும் மழையும் வெயிலும் ஏறி, கட்டைபோல இருந்தது. பன்னிரண்டு வருடமாக எத்தனையோ கன்றுகள் அதை இழுத்துப் பார்த்திருக்கின்றன.

சென்னியப்பன் பாய்ந்துபோய்க் கயிற்றைக் கன்றின் கழுத்திலிருந்து கழற்றினார். மறுமுனை மரத்திலேயே இருந்தது. "இதப் பாரு அம்மணி, எப்பிடி நீளுதுன்னு மட்டும் பாரு" என்று சொல்லிக்கொண்டே, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை வேரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். கயிறு விறைத்தது. விறைத்தபடி நின்றது. இன்னும் பலமாக, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். ஒரு விரற்கடைகூட அது நீளவில்லை. எல்லா நீட்டமும் என்றைக்கோ இழுபட்டுத் தீர்ந்து, வடக்கயிறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவர் விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, அறுபது வயதுக்காரர்போல மூச்சிரைத்துக்கொண்டு, மரத்தையே பிடுங்குகிறவர் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைத் தோல் கிழிந்தது.

"விடுங்ணா" என்று சாரதாமணி வந்து அவர் கையிலிருந்த சுற்றைப் பிரித்தாள். "கை போயிருச்சு பாருங்க."

அவளும் அழுதுகொண்டிருந்தாள். அவர் பார்க்க அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"இத்தன வருசத்துல எனக்காக இப்பிடி ஒரு பொய்யச் சொல்லோணும்னு ஒருத்தருக்கும் தோணலீங்ணா" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கையையும் கூப்பி, அவரைக் கும்பிட்டாள்.

அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவிழ்ந்த கன்று சோளக்காட்டுப் பக்கம் ஓடியது. சாரதாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அதைப் பிடித்துவந்தாள், அதே கயிற்றை அதன் கழுத்தில் மாட்டினாள். முடிச்சு இறுகிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குச் சோறு போட உள்ளே போனாள்.